முந்திவிட்டது

சல்லி
12.09.2025

நுஸ்ரத் ரீச்சருக்கு,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. நான் கீர்த்தனியின் அம்மா ஜெயரூபி. உங்கள் போனுக்கு எத்தனையோ தரம் எடுத்தேன், அணைத்தே கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். விசாரணை முடியும்வரை லீவு எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போய்விட்டீர்கள் என்று சொல்லி, கிளாக்கர் பிள்ளை இந்த விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தது.

செத்தவீட்டுக்கு நீங்கள் வந்ததைக் கண்டேன். குசினி வாசலில், கருவாட்டுக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றீர்கள். யாரோ கதிரை கொண்டுவந்து போட, வேண்டாம் என்று கை காட்டினீர்கள். கிட்ட வந்து ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்கு உங்களிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இப்போது கேட்க ஒன்று இருக்கிறது.

நேற்று முன்தினம் பிள்ளையின் முப்பத்தோராம் நாள். சமையல் முடிந்து சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் மச்சாள் இலட்சுமி அலுமாரிக்கு மேலே இருந்த விஞ்ஞானக் கொப்பியை எடுத்துப் புரட்டினார். என் வீட்டுக்காரருடைய அக்கா அவர். எதையும் பார்க்காமல் விடமாட்டார், பார்த்ததைச் சொல்லாமலும் விடமாட்டார். ஓகஸ்ட் லீவுக்கு நீங்கள் கொடுத்த வேலை அதில் இருக்கிறது. பறுவத்திலிருந்து, அதாவது முழுநிலவு நாளிலிருந்து, ஏழு நாள் நிலவு கடலில் உதிக்கிற நேரத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று. மகள் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி ஏழு வரி போட்டிருக்கிறாள். எட்டாம் திகதி தொடங்கி பதினான்காம் திகதிவரை.

பிள்ளை செத்தது பதினோராம் திகதி. நாலாம் வரி. கோயிலுக்கு அங்கால் உள்ள பாறையில் நிலவு பார்க்க ஏறி, இருட்டில் சறுக்கி விழுந்தாள் என்று நாங்கள் எல்லோருக்கும் சொன்னோம். ஆனால் அந்தக் கொப்பியில் ஏழு வரிக்கும் பென்சிலால் நேரம் எழுதியிருக்கிறது, ரீச்சர். அவள் காணாத நாட்களுக்கும் எழுதியிருக்கிறது. 9.10, 10.00, 10.50.

இலட்சுமி மச்சாள் அதை எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக வாசித்தார். பிறகு சொன்னார், "ஏழு வரிக்கும் நேரமிருக்கு, கையொப்பமிருக்கு. வேலை முடிஞ்சுதானே. பிறகு என்ன அலுவலா இந்தப் பெட்டை இருட்டுக்குள்ள போனவள்?"

மூன்றாம் வரியில் பேனையால் "முந்திவிட்டது" என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத் தட்டித் தட்டிக் காட்டினார். ஆர் முந்தினது, எங்கே முந்தி வந்து நின்றது என்று கேட்டார். அதற்கு மேல் கேட்கத் தேவையில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊர் என்ன கதை கட்டும் என்று உங்களுக்குத் தெரியாதா?

போன ஞாயிறு கிரகணம் என்று சல்லி ஊர் முழுக்க வாசலில் இறங்கி மேலே பார்த்துக்கொண்டு நின்றது. நான் கதவைச் சாத்திப்போட்டுப் படுத்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பென்சில் எழுத்து என்ன? என் பிள்ளை கள்ளமாக எழுதினாளா? "முந்திவிட்டது" என்றால் என்ன? உங்கள் கையால் எழுதி, உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள். நான் அதைச் சனத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

ஜெயரூபி

*

கிண்ணியா
20.09.2025

திருமதி ஜெயரூபி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மகளின் இழப்புக்கு எனது ஆழ்ந்த அனுதாபங்களைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேற்படி சம்பவம் தொடர்பாகக் கல்விக் கந்தோரின் விசாரணை நடைபெற்று வருவதால், மாணவிக்கு வழங்கப்பட்ட விடுமுறை வேலை குறித்தோ, அதன் பதிவுகள் குறித்தோ எழுத்தில் எதையும் தெரிவிக்க இயலாத நிலையில் உள்ளேன். விசாரணை முடிவடைந்த பின்னர் உரியவர்கள் ஊடாகத் தங்களுக்கு அறிவிக்கப்படும்.

தங்கள் பொறுமைக்கு நன்றி.

எம். என். நுஸ்ரத்
விஞ்ஞான ஆசிரியை

(பின்பக்கம் பாருங்கள். முன்பக்கம் என் கணவர் இஹ்ஸான் சொல்லச் சொல்ல எழுதியது. கீர்த்தனி கள்ளம் செய்கிற பிள்ளை இல்லை. இதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அக்கா.)

*

சல்லி
25.09.2025

ரீச்சர்,

உங்கள் முன்பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். மின்சாரக் கட்டணம் பிந்தினால் வருகிற கடிதம்கூட இதைவிடக் கொஞ்சம் மனுசத்தன்மையோடு இருக்கும். பொறுமைக்கு நன்றி என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் பொறுமை இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது?

பின்பக்கத்தை வைத்து நான் என்ன செய்ய? "இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்." இலட்சுமி மச்சாளுக்குக் காட்டினேன். ரீச்சர்மார் செத்த பிள்ளையைப் பற்றி வேறு என்ன எழுதுவார்கள் என்று கேட்டுவிட்டு, வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். நியாயமான கேள்விதான்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். என் சின்னவளை ரியூசனுக்கு அனுப்ப இவர் மறுத்துவிட்டார். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு படலைக்கு வெளியே கால் வைக்கக்கூடாதாம். அதையாவது பொறுப்பேன். இவர் முந்தி ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகமுன் கீர்த்தனியின் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் போவார். முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு வைக்கவில்லை. திரி தீர்ந்ததோ என்று நினைத்து வாங்கி வைத்தேன். திரி அப்படியே கிடக்கிறது. ஏன் என்று கேட்டேன். "நீ அவளை வளர்த்த வளர்ப்பைக் கேள்," என்றுவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போனார். தகப்பனே நம்பிவிட்டார், ரீச்சர். அவள் யாரையோ பார்க்கப் போய்த்தான் செத்தாள் என்று தகப்பன் நம்புகிறார்.

பறுவம் கழிந்த நாட்களில் நிலவு எப்போது வரும் என்று எங்களுக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. பறுவத்துக்கு அடுத்த நாள் சோறு வடிக்கிற நேரம்வரை இருட்டு. அதற்கடுத்த நாள் சாப்பிடுகிற நேரம்வரை. அதற்கும் அடுத்த நாள் கோப்பை கழுவி முடிக்கிற நேரம்வரை. அந்த இருட்டைப் பார்த்துத்தான் இவர்கள் வலை விடுவார்கள், நிலவு வந்தால் மீன் கலைந்துவிடும். பிள்ளை விழுந்த நேரம் இவர் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடலில்தான் நின்றார். விளக்கை அணைத்துப்போட்டு, இன்னும் கொஞ்சம் இருட்டு இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு நின்றார். நிலவு வந்த பிறகுதான் பாறையடியில் கிடந்தவளைக் கண்டார்கள்.

இன்னொன்று. இவருடைய போனில் பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, இரவு 7.41க்கு உங்கள் நம்பருக்கு ஒரு அழைப்பு இருக்கிறது. நாலு நிமிஷம். எடுத்தது கீர்த்தனி. அடுத்த நாள் அவள் இல்லை. அந்த நாலு நிமிஷத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? விசாரணைக்கு வந்த ஐயாவிடம் நான் அந்த அழைப்பைப் பற்றிச் சொல்லவில்லை. நீங்கள் பதில் எழுதாவிட்டால் சொல்லுவேன்.

உங்கள் உத்தியோகம் போய்விடும் என்று உங்கள் வீட்டுக்காரர் பயப்படுகிறார், விளங்குகிறது. என் பிள்ளைக்குப் போக உத்தியோகம் இல்லை. பெயர் ஒன்றுதான் மிச்சம்.

ஜெயரூபி

*

கிண்ணியா
01.10.2025

ஜெயரூபி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான் இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உங்களுக்கு. மற்றது கல்விக் கந்தோருக்கு. இரண்டையும் நாளைக்கு ஒரே நேரத்தில் தபாலில் போடுவேன், ஒன்றைப் போட்டு மற்றதை விட்டுவிட மாட்டேன். இஹ்ஸானுக்கு இன்னும் சொல்லவில்லை. தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்லுவேன். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. இரண்டு பிள்ளைகளையும் வீட்டுக் கடனையும் பார்க்கிற மனிதர், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாக வருகிறேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

பென்சில் எழுத்து கள்ளம் இல்லை. அது எதிர்வுகூறல். லீவு விடுகிற அன்று வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது. "முதல் நாள் நிலவு உதிக்கிற நேரத்தைப் பாருங்கள். அதோடு ஒவ்வொரு நாளுக்கும் ஐம்பது நிமிடம் கூட்டி ஏழு வரியையும் பென்சிலால் நிரப்புங்கள். பிறகு ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்து, கண்ட நேரத்தைப் பேனையால் எழுதுங்கள்." கொப்பியை எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் 5.50 என்று இருந்தால், அடுத்தவை 6.40, 7.30, 8.20 என்றுதான் போகும். ஐம்பது ஐம்பதாகக் கூட்டியிருப்பாள். ஏழு வரியையும் முதல் நாளே நிரப்பியது சொன்னபடி செய்த பிள்ளை என்பதற்கு அத்தாட்சி. முப்பத்தொரு பிள்ளைகள் உள்ள வகுப்பில் லீவு முடிந்து பென்சிலும் பேனையும் இரண்டும் எழுதிக்கொண்டு வந்தவர்கள் நாலு பேர்தான். மற்றவர்கள் பென்சிலின் மேலேயே பேனையை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்கள்தான் கள்ளம், அக்கா. அவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், இருக்கட்டும்.

இனி என் பிழை. புத்தகத்தில் "சராசரியாக ஐம்பது நிமிடம்" என்று இருக்கிறது. நான் "சராசரியாக" என்ற சொல்லை விட்டுவிட்டேன். எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை விளக்கப் போனால் பாடம் முடியாது, மணி அடிக்கப் போகிறது, அடுத்த நாள் லீவு. "ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம்" என்று கரும்பலகையில் எழுதினேன். அது உண்மை இல்லை. நிலவு நம்மைச் சுற்றிக் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் பூமி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலும் அதைப் பிடிக்க இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் அந்த ஐம்பது நிமிடம். ஆனால் நிலவின் பாதை சரிந்தது. வேகமும் எப்போதும் ஒன்றில்லை. ஒரு மாதம் நாற்பத்தைந்து நிமிடம் பிந்தும், இன்னொரு மாதம் ஒரு மணித்தியாலம் பிந்தும். ஓகஸ்ட் பறுவத்தில் அது நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. ஐம்பதைக் கூட்டிக்கொண்டு போன பிள்ளை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்துவாள். மூன்றாம் நாள் அவள் கரைக்குப் போனபோது நிலவு ஏற்கெனவே கடலுக்கு மேலே நின்றது.

"முந்திவிட்டது" என்றால் அதுதான். நிலவு முந்திவிட்டது. ஆள் இல்லை, அக்கா. ஆளாக இருந்தால் "முந்திவிட்டான்" என்று எழுதியிருப்பாள். தமிழ் பிழையில்லாமல் எழுதுகிற பிள்ளை அவள்.

அந்த நாலு நிமிஷத்தைச் சொல்கிறேன். ஐம்பது நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் மூச்சு வாங்க வாங்கக் கதைத்தாள். "ரீச்சர், நிலா முந்தியிட்டுது. ஏழரைக்கு எண்டுதானே கணக்கு வந்தது. நான் ஏழு இருபத்தெட்டுக்குப் போறன், அது கடலுக்கு மேல நிக்குது."

எனக்குச் சந்தோசம் வந்துவிட்டது. படிப்பிக்கத் தொடங்கி ஆறு வருசத்தில் ஒரு பிள்ளைகூட லீவு நாளில் போன் எடுத்து, உங்கள் கணக்குப் பிழை என்று சொன்னதில்லை. சிரித்தேன். கணக்குப் பிழைதான், ஏன் பிழை என்று லீவு முடிந்து வந்து வகுப்பில் நீங்களே சொல்லுங்கள் என்றேன். பிறகு சொன்னேன், "நாளைக்குக் கொஞ்சம் முந்திப் போய் நில்லுங்க. பிடிச்சிரலாம்."

முந்திப் போகச் சொன்னது நான்தான். எட்டு இருபதுக்குப் போயிருந்தால் நிலவு வெளிச்சம் இருந்திருக்கும். அன்றைக்கு நிலவு எட்டு ஐந்துக்கே உதித்துவிட்டது, பிறகு பார்த்தேன். நான் அவளை இருட்டுக்குள் அனுப்பினேன். அதைவிட எளிதாக ஒன்றைச் சொல்லியிருக்கலாம் என்பதும் பிறகுதான் உறைத்தது. பறுவம் கழிந்த கிழமை முழுக்கக் காலையில் மேற்கே நிலவு நிற்கும். காலை ஏழு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், முற்றத்தில் நின்று பார்த்தாலே போதும். அது மறைகிற நேரமும் அப்படியேதான் பிந்தும். அதை எழுதச் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையும் கடற்கரைக்குப் போயிருக்கத் தேவையில்லை. கடலில் நிலவு உதிப்பது அழகாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

நான் ஒன்றை மட்டும் கேட்டேன் என்பதையும் எழுத வேண்டும். கல்விக் கந்தோருக்குப் போகிற பிரதியிலும் எழுதுகிறேன். பெரியவர் ஒருவர் கூட வராமல் போகக்கூடாது என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். அதற்காகத்தான் "கூட நின்ற பெரியவரின் கையொப்பம்" என்று ஒரு நிரல் போடச் சொன்னேன். போனிலும் கேட்டேன், அம்மா வாறவவா என்று. "அம்மா எல்லாத்துக்கும் கையொப்பம் வெச்சவ ரீச்சர்," என்றாள். அப்படியானால் சரி என்று போனை வைத்தேன்.

முதல் மூன்று நாளும் நீங்கள் கூட நின்றிருக்கிறீர்கள், அக்கா. நாலாம் நாள் மட்டும் அவள் உங்களை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள், நான் முந்தச் சொன்னதால். அதை நினைக்கும்போதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கீர்த்தனியின் அப்பாவுக்கு முதலில் காட்டுங்கள்.

நுஸ்ரத்

*

சல்லி
14.10.2025

நுஸ்ரத் ரீச்சருக்கு,

உங்கள் கடிதம் போன சனிக்கு முதல் சனி வந்தது. அன்றைக்கே வாசித்துக் காட்டினேன். இலட்சுமி மச்சாளையும், முப்பத்தோராம் நாளுக்கு வந்திருந்தவர்களில் கூப்பிடக்கூடியவர்களையும் கூப்பிட்டேன். இவர் வலை பொத்துகிற சாட்டில் கொஞ்சம் தள்ளி இருந்து கேட்டார். "ஆளாக இருந்தால் முந்திவிட்டான் என்று எழுதியிருப்பாள்" என்ற இடத்தில் ஊசியைக் கீழே வைத்தார்.

இலட்சுமி மச்சாள் கொப்பியை வாங்கி, விரலை மடக்கி மடக்கி ஐம்பது ஐம்பதாகக் கூட்டிப் பார்த்தார். சரியாக வந்தது. போகும்போது என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் இவர் திரியை எடுத்து விளக்கு வைத்தார். சின்னவள் திங்கட்கிழமை ரியூசனுக்குப் போனாள். நீங்கள் எழுதியது போதுமாக இருந்தது, ரீச்சர். என் பிள்ளையின் பெயர் திரும்பி வந்துவிட்டது.

இத்தோடு கடிதத்தை முடித்திருக்கலாம். முடிக்கத்தான் நினைத்தேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு பந்தியைச் சனத்துக்கு வாசிக்காமல் விட்டுவிட்டேன். கடைசிக்கு முந்தியதற்கு முந்தினது. கையொப்பப் பந்தி.

அந்தக் கொப்பியில் ஏழு வரிக்கும் என் கையொப்பம் இருக்கிறது. மச்சாள் அதைச் சொன்னதை எழுதியிருந்தேன், கொப்பியைக் காணாததால் நீங்கள் கவனிக்கவில்லை. ஏழையும் நான் ஒரே இருப்பில், முதல் நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வைத்தேன். கை முழுக்க உப்பு. பிள்ளை கொப்பியை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு நாளும் வந்து என்னை ஆய்க்கினைப்படுத்தாதே, தா எல்லாத்துக்கும் வைத்துவிடுகிறேன் என்று வாங்கி வைத்தேன். தாளில் உப்பு ஈரம் பட்டு ஐந்தாம் வரி கொஞ்சம் ஊறிப்போய் இருக்கிறது. பிள்ளை உங்களுக்குப் பொய் சொல்லவில்லை. "அம்மா எல்லாத்துக்கும் கையொப்பம் வெச்சவ." உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். நான் ஒரு நாளும் கூட நிற்கவில்லை.

நாலாம் நாள் இருட்டின பிறகு என்னைக் கூப்பிட்டாள். முதல் மூன்று நாளும் கூப்பிடவில்லை, வெளிச்சமும் கரையில் சனமும் இருந்தது. அன்றைக்குத்தான் கேட்டாள், "அம்மா, இண்டைக்கு வாங்கோ, இருட்டாயிருக்கு." நான் கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தேன். கொப்பியைப் பார்த்து, எட்டு இருபது எண்டுதானே போட்டிருக்கு, அள்ளி முடிச்சிட்டு வாறன் என்றேன். ரீச்சர் முந்திப் போகச் சொன்னவ என்றாள். அப்ப போ, நான் பின்னால வாறன் என்றேன். கோப்பை கழுவி முடிக்கிற நேரம்வரை இருட்டு என்று உங்களுக்கு வாய் கிழிய எழுதினேனே, அந்தக் கணக்குத் தெரிந்தவள்தான் அப்படிச் சொன்னேன்.

நாலு நிமிஷத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு முதலே தெரியும். தெரிந்ததைத்தான் உங்களிடம் கேட்டேன்.

இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது. முப்பத்தோராம் நாள் மச்சாள் "கையொப்பமிருக்கு, வேலை முடிஞ்சுதானே" என்று கேட்டபோது நான் அங்கேதான் நின்றேன். முதல் நாளே வைத்தது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. சொன்னால் தாய் பிள்ளையைத் தனியே விட்டாள் என்று வரும். செத்த பிள்ளையின் பெயரைக் கொடுத்து என் பெயரைக் காப்பாற்றினேன். பிறகு அதைத் துடைக்க உங்கள் உத்தியோகத்தைக் கேட்டேன். நீங்கள் தந்துவிட்டீர்கள்.

கடிதம் வந்து இரண்டு நாளில் பறுவம். அதிலிருந்து நாளை எண்ணி, நாலாம் நாள், ஒன்பதாம் திகதி வியாழக்கிழமை, கொப்பியையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். பாறைக்குப் போகவில்லை. மணலில், வள்ளங்களுக்கு இப்பால் இருந்தேன். 7.46க்கு நிலவு வந்தது. சிவப்பாக, ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கி. நாலாம் வரியில், அவளுடைய பென்சிலுக்குப் பக்கத்தில், பேனையால் எழுதினேன். வெள்ளிக்கிழமை 8.43. அன்றைக்கு இலட்சுமி மச்சாள் கேட்காமலே பின்னால் வந்து டோர்ச்சைப் பிடித்தார். இருட்டுக்குள் அவருக்கு என் முகம் தெரியாது என்று, கையொப்பத்தைப் பற்றி அவருக்குச் சொன்னேன். அவர் டோர்ச்சைக் கொப்பிக்குக் கிட்டக் கொண்டுவந்து பிடித்து, ஐம்பது இல்லை, ஐம்பத்தேழு பிந்தியிருக்கு, எழுது என்றார். சனிக்கிழமை மழை. காணவில்லை என்றே எழுதினேன். காணாத நேரத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை 10.40. அன்றைக்கு இவர் கடலுக்குப் போகாமல் கூட வந்து இருந்தார். அவருக்கும் சொல்லிவிட்டேன். எழும்பிக் கொஞ்சத் தூரம் தண்ணீருக்குள் நடந்து போனார். பிறகு திரும்பி வந்து பக்கத்தில் இருந்தார். என்ன நினைக்கிறார் என்று தெரியாது.

விசாரணைக்கு வருகிற ஐயாவுக்கும் நேற்றுப் போய்ச் சொன்னேன். எழுதி எடுத்தார். உங்களைத் திரும்ப எடுப்பார்களோ தெரியாது. ரீச்சர் பெரியவர் கூட நிற்க வேண்டும் என்று எழுதிப் போட்டிருந்தார், நின்றதாகப் பொய்க் கையொப்பம் வைத்தது நான் என்று சொன்னேன். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்க்கிறேன், கை வரவில்லை. உங்களை மன்னித்தால் என்னையும் மன்னிக்க வேண்டிவரும். அதற்கு என்னால் ஏலாது. ஆனால் உங்கள் மேல் கோபமும் இல்லை. அவளோடு சிரித்துக் கதைத்த கடைசி ஆட்களில் நீங்கள் ஒருவர். நான் சிரிக்கவில்லை. நான் கருவாடு அள்ளிக்கொண்டிருந்தேன்.

கொப்பியை இத்துடன் அனுப்புகிறேன். முதல் மூன்று கையொப்பமும் பொய். கடைசி நாலும், வைத்து இரண்டு மாதத்துக்குப் பிறகு உண்மையாகிவிட்டன. அவள் வேலையை முடிக்காமல் விடுகிற பிள்ளை இல்லை. பார்த்து, சிவப்புப் பேனையால் போட வேண்டியதைப் போட்டு அனுப்புங்கள்.

கீழே என் கையொப்பம் இருக்கிறது. இந்தத் தடவை எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் வைக்கிறேன்.

ஜெயரூபி